டிராகனுக்குக் கடைசி இடம்

காமகுவே நகரத்தில் டிசம்பர் பன்றிகளுக்கு நல்ல மாதம் அல்ல. முப்பத்தொன்றாம் தேதி வீட்டுக்கு வீடு ஒன்று நெருப்பின் மேல் திரும்பிக்கொண்டிருக்கும். எங்கள் மார்கேசாவுக்கு இந்த விஷயம் தெரியும் என்றே நினைக்கிறேன். இருபதாம் தேதியிலிருந்து அவள் வேண்டுமென்றே இளைக்க ஆரம்பித்தாள்.

மார்கேசாவைக் குட்டியாக வாங்கியது நானும் என் மனைவியின் தம்பி ஓஸ்முந்தோவும். பாதிப் பாதி. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவளைக் குளியல் தொட்டியில் வளர்த்தோம். நாங்கள் வாளியில் குளித்துக்கொண்டோம். அவள் எட்டு மாதத்தில் மூன்று ஆள் எடைக்கு வந்துவிட்டாள். அவளைத் தீயில் திருப்பவேண்டும் என்பது ஓஸ்முந்தோவின் ஆசை. எனக்கு அதில் சம்மதமில்லை. காரணம் பாசமெல்லாம் இல்லை. டாமினோவில் அவள்தான் என் ஜோடி.

நான்கு பேர் ஆடும் ஆட்டம், இரண்டு இரண்டாக ஜோடி. என் பழைய ஜோடி ஹவானாவுக்குக் குடிபோனபின் அந்த நாற்காலி காலியாக இருந்தது. மார்கேசா ஒருநாள் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரட்டை ஒன்பது என்ற பெரிய காய் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, எங்களிடம் இருந்தால் ஒருமுறையும், எதிராளியிடம் இருந்தால் இரண்டுமுறையும் உறுமுவாள். ஐந்து மாதமாக நாங்கள் தோற்கவில்லை. இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. ஒரு பன்றி மூச்சுவிடக் கூடாதா?

ஓஸ்முந்தோ கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான்: "மச்சான், பன்னி கூட ஜோடி சேர்ந்து டாமினோ ஆடுறேன்னு வெளில சொல்லாதீங்க. எங்கக்கா மானம் போகுது."

"உன்கூட ஜோடி சேர்ந்தப்பதான்டா மாப்ள போச்சு. ஒம்பது ஆட்டம் வரிசையா தோத்தோமே, மறந்துட்டியா?"

பேச்சு வளர்ந்தது. கடைசியில் என் மனைவி எர்மினியா அரிசி பொறுக்குவதை நிறுத்திவிட்டு, "ரெண்டு பேரும் எங்கயாவது போய்ச் சண்டை போட்டு முடிச்சுட்டு வாங்க. இங்க வேண்டாம்," என்றாள். நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டு யானெலிஸ் வீட்டுக்குப் போனோம்.

யானெலிஸ் கைப்பேசி பழுதுபார்ப்பவள். தெருவைப் பார்த்த சன்னலோரம் அவளுடைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஒரு போர் விளையாட்டு. இதில் அவசரம் கிடையாது. ஒருவர் முறை முடிந்தால்தான் அடுத்தவர் முறை. வயசானவர்களுக்கு ஏற்ற யுத்தம். இருவருக்கும் பத்தாயிரம் பொற்காசு. அதில் படை வாங்கி மோதவேண்டும். நான் ஜெயித்தால் மார்கேசா பிழைப்பாள். அவன் ஜெயித்தால் முப்பத்தொன்றாம் தேதி. யானெலிஸ் நடுவர்.

"ரெண்டு மணிக்குக் கரண்ட் போயிடும், அதுக்குள்ள முடிச்சுக்கணும்," என்றாள் அவள். அப்போது பகல் பன்னிரண்டு.

ஓஸ்முந்தோ விலைப்பட்டியலை ஒருதரம் பார்த்தான். எல்லாவற்றிலும் மேலே ஒரு டிராகன் இருந்தது. விலை பத்தாயிரம். உடனே வாங்கிவிட்டான். இப்படித்தான் அவன் ஒருமுறை வீட்டிலிருந்த பணம் முழுவதையும் போட்டு, நிறுத்த இடமில்லாத ஒரு படகை வாங்கினான். கடல் எங்கள் ஊரிலிருந்து அரைநாள் பயணம்.

நான் பட்டியலைக் கீழிருந்து படித்தேன். குதிரை வீரன் ஐந்நூறு; குதிரைக்குத் தீனி யார் போடுவது? மந்திரவாதி முந்நூறு, மூன்று மந்திரம் போட்டதும் களைத்துப்போவானாம். வில்லாளி நூறு, பன்னிரண்டு அம்புதான், பிறகு வெறுங்கையோடு நின்று வேடிக்கை பார்ப்பான். அடிமட்டத்தில் ஒரு விவசாயி, கையில் வைக்கோல் அள்ளும் கவைக்கோல். பத்துக் காசு. ஒரு குத்துக்கு ஒரு உயிர் குறையும். டிராகனுக்கு ஆயிரம் உயிர். பத்தாயிரத்துக்கு ஆயிரம் விவசாயி. கணக்கு வழிந்து கொட்டாமல் விளிம்புவரை நிறைந்தது. நான் ஆயிரம் பேரை வாங்கி, இருபது இருபதாக ஐம்பது படையாகப் பிரித்தேன்.

"அய்யோ பெரியவரே!" என்றாள் யானெலிஸ். "களம் பத்துக் கட்டம். இவங்க ஒரு முறைக்கு ரெண்டு கட்டம்தான் நடப்பாங்க. போய்ச் சேர அஞ்சு சுற்று ஆகும். டிராகன் ஒரு மூச்சுக்கு இருநூறு பேரைச் சுட்டுடும்."

ஐந்து இருநூறு ஆயிரம். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், எப்படி எண்ணினாலும் அதுதான் வந்தது. என் கடைசி விவசாயி டிராகன் பக்கத்தில் போய்க் கவைக்கோலை ஓங்கும்போது அவனும் சாம்பல். சுவருக்கு அந்தப்பக்கம் மார்கேசா இரண்டுமுறை உறுமியது கேட்டது.

"உப்பும் பூண்டும் எடுத்து வைக்கச் சொல்லவா மச்சான்?" என்றான் ஓஸ்முந்தோ.

போர் தொடங்கியது. திரையின் அடியில் யார் யாருக்கு எப்போது முறை என்று படங்கள் வரிசையாக வந்தன. முதலில் டிராகன். அதன் பின்னால் ஐம்பது விவசாயிப் படங்கள், திரைக்கு வெளியேயும் நீண்டு போயின. ஓஸ்முந்தோ அந்த வரிசையைப் பார்த்தான். அவன் முகத்தில் நிம்மதி வந்தது. வரிசை என்றால் எங்களுக்குத் தெரியாததா? ரொட்டிக்கு, எண்ணெய்க்கு, பஸ்ஸுக்கு என்று பிறந்ததிலிருந்து நிற்கிறோம். போனதும் "யாரு கடைசி?" என்று கேட்கவேண்டும். கடைசி ஆள் கையைத் தூக்குவார். "உங்களுக்கு அப்புறம் நான்" என்று சொல்லிவிட்டால் இடம் போட்டாயிற்று. அதன்பின் வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தாலும் அந்த இடம் நம்முடையது.

டிராகன் படத்துக்குப் பக்கத்தில் 'காத்திரு' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஓஸ்முந்தோ அதை அழுத்தினான்.

"முதல் இடம் போட்டாச்சு," என்று எழுந்தான். "முக்குல ஒரு காபி குடிச்சுட்டு வந்துடறேன். மச்சான், உங்க ஆளுங்களைக் கொஞ்சம் நடக்க விடுங்க. பக்கத்துல வந்தா சுட வசதியா இருக்கும்."

யானெலிஸ் வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன். அவன் போனதும் அவள் சொன்னாள்: "அது இடம் போடுற பொத்தான் இல்ல. வரிசையோட கடைசிக்கு அனுப்புற பொத்தான். அஞ்சு நிமிஷத்துல ஆள் வரலைன்னா முறையும் போயிடும்."

"பாவம்," என்றேன். "போய்க் கூப்பிடலாம்னா எனக்கு முட்டி வலி."

எனக்குப் பார்வை மங்கல். அதனால் யானெலிஸ் உரக்கப் படித்துச் சொல்ல, நான் ஒவ்வொரு படையாக நகர்த்தினேன்.

"அடுத்தது விவசாயி! அடுத்ததும் விவசாயி!"

"கடைசி யாரும்மா?" என்று நான் கத்தினேன். "யாரு கடைசி?"

சன்னல் திறந்திருந்தது. தெருவில் பையோடு போன ஒரு அம்மாள் நின்றாள். எங்கள் ஊரில் அந்தக் கேள்வி காதில் விழுந்து நிற்காமல் போனவர் எவரும் இல்லை.

"நான்தான் கடைசி," என்று கையைத் தூக்கினாள். பின்னால் வந்தவர், "உங்களுக்கு அப்புறம் நான்," என்றார். மூன்றாவது சுற்று முடிவதற்குள் வரிசை மருந்துக்கடையைத் தாண்டியது. நான்காவதில் தேவாலயத்தைச் சுற்றித் திரும்பியது. குறைத்துச் சொன்னால் இருநூறு பேர். அதற்குமேல் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

"என்ன வந்திருக்கு?"

"தெரியல. கோழின்னு பேசிக்கிறாங்க."

"கோழியா? சோப்புன்னாங்களே."

"எதுவா இருந்தா என்ன, நில்லு. ஆளுக்கு ரெண்டு குடுப்பாங்க."

டிராகன் களத்தின் மறுகோடியில் இறக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு சுற்றும் அதன் முறை வந்தது, ஐந்து நிமிடம் ஓடியது, போனது. விவசாயிகள் இரண்டு இரண்டு கட்டமாக நடந்தார்கள்.

ஓஸ்முந்தோ இதற்குள் ஒரு காபியும், காபிக்கடைக்காரனிடம் மார்கேசாவின் விலா எலும்பைப் பற்றி நீண்ட பேச்சும் முடித்துத் திரும்பியிருந்தான். வாசலில் அவனை மறித்துவிட்டார்கள்.

"எங்க நுழையுறீங்க? வரிசை அங்க இருக்கு."

"யோவ், நான் உள்ள விளையாடிட்டிருக்கேன்!"

"நாங்க மட்டும் இங்க வேலையில்லாமலா நிக்கிறோம்?" என்றாள் முதல் அம்மாள்.

"நான் இடம் போட்டுட்டுத்தான் போனேன்!"

"யாருக்கு அப்புறம்?"

"யாருக்கும் அப்புறம் இல்ல. நான்தான் முதல்."

கூட்டம் சிரித்தது. எல்லா வரிசையிலும் இப்படி ஒருவன் வருவான்.

"சரி, உங்களுக்குப் பின்னால யாரு நின்னா? அதையாவது சொல்லுங்க."

ஓஸ்முந்தோ நேர்மையாக யோசித்துச் சொன்னான்: "ஒரு விவசாயி. கையில கவைக்கோல் வெச்சிருந்தான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன செய்ய, வரிசையின் நடுவில் அப்படி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஊருக்கு வெளியே மாடு வைத்திருக்கும் டோன் ப்ளாசிதோ. கவைக்கோலின் முறிந்த பல்லைப் பற்றவைக்கக் கொண்டுவந்தவர், வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் ஓஸ்முந்தோவை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் நிக்கிறேன், சரி. ஆனா எனக்கு முன்னாடி இந்த ஆளை நான் பாக்கல," என்றார்.

அதற்குமேல் பேச இடமில்லை. ஓஸ்முந்தோ தேவாலயத்தைச் சுற்றி நடந்து போய், "யாரு கடைசி?" என்று கேட்டு நின்றான்.

ஐந்தாவது சுற்றில் என் ஆட்கள் டிராகனிடம் போய்ச் சேர்ந்தார்கள், ஆறாவதில் குத்தத் தொடங்கினார்கள். அதைச் சுற்றி நிற்க எட்டுப் படைக்குத்தான் இடம். மற்றவர்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள். குத்தியவர்கள் விலகி அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். இந்த ஒழுங்கு விளையாட்டில் கிடையாது, சன்னல் வழியாகப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கவேண்டும். இருபது, நாற்பது, அறுபது... ஐம்பதாவது படை குத்தியதும் டிராகன் ஒரு பெருமூச்சு விட்டுச் சாய்ந்தது. அதே நொடியில் கரண்ட் போனது.

"விழுந்துடுச்சு. நான் பார்த்தேன்," என்றாள் யானெலிஸ். நடுவர் சொன்னால் சொன்னதுதான்.

நான் சந்தோஷத்தில் ஒரு தப்புச் செய்தேன். சன்னலில் தலையை நீட்டி, "பன்னி எனக்குத்தான்!" என்று கத்திவிட்டேன்.

 அந்தச் சொல் மருந்துக்கடையைக் கடந்து, தேவாலயத்தைச் சுற்றி ஓடியது. பன்றி வந்திருக்கிறது. பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கும்போது.

"எனக்குத் தொடை!"

"வரிசைப்படி குடுங்க! அந்தக் கிழவன் முழுசா எடுத்துக்கப் பாக்கறான்!"

வரிசையின் கோடியிலிருந்து ஓஸ்முந்தோவின் குரல் வந்தது. அதில் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது. "பன்னி பக்கத்து வீட்டுக் குளியல் தொட்டியில இருக்கு! பெருசு!"

இருநூறு பேர் பைகளை விரித்தார்கள். எங்கள் வீட்டுக் கதவு அந்தக் காலத்துக் கதவு, ஆனால் தாழ்ப்பாள் இந்தக் காலத்தது. ஒருமுறை தள்ளினால் போதும். டிராகனை வென்ற ஆயிரம் பேரும் இருண்ட திரைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன செய்யப் போறீங்க பெரியவரே? கையில ஒரு காசு இல்ல, ஒரு ஆள் இல்ல," என்றாள் யானெலிஸ்.

நான் மனதுக்குள் மறுபடியும் பட்டியலைக் கீழிருந்து பார்த்தேன். பத்துக் காசு விவசாயிக்கும் கீழே ஒன்று இருந்தது. விலையே இல்லாதது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன்.

"கரண்ட் வந்துடுச்சூ!"

போய் ஐந்து நிமிடம்கூட ஆகாத கரண்ட் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவன் வீட்டில் அரிசி வேகாது, தொட்டியில் தண்ணீர் ஏறாது. தொடை கேட்டவரின் செருப்பில் ஒன்று தெருவிலேயே கிடந்தது, இன்னும் கிடக்கிறது. தூசி அடங்கியபோது இரண்டு பேர்தான் நின்றார்கள். ஒருவன் ஓஸ்முந்தோ, அவன் வீட்டுக்குப் போவதென்றாலும் இங்கேதான் வரவேண்டும். இன்னொருவர் டோன் ப்ளாசிதோ. அவர் பண்ணைக்குக் கரண்ட் கம்பியே இழுக்கவில்லை.

"அப்ப நான்தான் முதல்," என்றார் டோன் ப்ளாசிதோ. "பன்னியா, கோழியா?"

வரிசையில் கடைசிவரை நின்றவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் கவைக்கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"டிராகனுக்கு எவ்வளவு?"

"பத்தாயிரம்."

"எங்க ஆளுக்கு?"

"தலைக்குப் பத்து."

"ஜெயிச்சது யாரு?"

"உங்க ஆளுங்கதான்."

அவர் ஓஸ்முந்தோவைத் திரும்பிப் பார்த்தார். ஓஸ்முந்தோ தன் காலைப் பார்த்தான்.

முப்பத்தொன்றாம் தேதி நாங்கள் கறுப்பு மொச்சைச் சோறும் மரவள்ளிக்கிழங்கும் சாப்பிட்டோம். ஓஸ்முந்தோ கத்தியை மொண்ணையாக்கி என்னிடமே கொடுத்தான். ஆனால் பழிதீர்க்கும் எண்ணம் விடவில்லை. புத்தாண்டு அன்று டாமினோ மேசைக்குத் தன் ஜோடியாக டோன் ப்ளாசிதோவை அழைத்துவந்தான், ஆட்டத்துக்குப் பத்துப் பேசோ கூலி என்று பேசி. இந்த முறை அவனும் பட்டியலைக் கீழிருந்து படித்திருக்கிறான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காய்களைக் கலைத்து எடுத்தோம். மார்கேசா என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். இளைத்த எடை முழுவதும் இந்த நான்கைந்து நாளில் திரும்பியிருந்தது. எதிரில் சாய்த்து வைத்திருந்த கவைக்கோலைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு ஒரே ஒருமுறை உறுமினாள்.

ஓஸ்முந்தோவின் முறை வந்தது. போட அவனிடம் பொருந்தும் காய் இல்லை. முறையை விடுகிறேன் என்பதற்கு மேசையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"நீங்க ஆடிட்டிருங்க," என்று எழுந்தான். "நான் ஒரு காபி குடிச்சுட்டு வந்துடறேன்."