மாடிக்கு ஏறிய வலி

இறைச்சித் தொழிற்சாலையின் எலும்பு நீக்கும் மேசையில் இடது கையால் வெட்டும் 'இடதுகை அக்கா'வின் வலது கட்டைவிரலில் கத்தி இறங்கியபோது, ரத்தம் மாடியில் இருந்த மேலாளருக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். மேலாளர் அப்போது யாருடைய விடுப்பு விண்ணப்பத்திலோ 'இயலாது' என்று எழுதிக்கொண்டிருந்தார். 'இய' வரை எழுதியிருந்த வலது கட்டைவிரல் நகக்கண்ணோரம் பிளந்துகொண்டது. மேசையில் கத்தியும் இல்லை, கண்ணாடிச் சில்லும் இல்லை. ஆறு தையல் போட்ட மருத்துவர், இது மெல்லிய வளைந்த கத்தியின் வெட்டு என்றும், இறைச்சிக்கூடத்தில் வேலை செய்கிறவர் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். கீழே இடதுகை அக்கா கையுறையைக் கழற்றிப் பார்த்தார். கையுறை கிழிந்திருந்தது, விரல் பிறந்த பிள்ளையின் விரல்போல் முழுசாக இருந்தது. பக்கத்து மேசைக்காரியிடம் காட்டினார். அவளும் பார்த்தாள். ஆனால் இறைச்சி வந்துகொண்டிருந்த பெல்ட் நிற்கவில்லை என்பதால் இருவரும் அடுத்த தொடையை இழுத்துக்கொண்டார்கள்.

மேலாளருக்குக் கீழே 'சீக்கிரம் சார்' என்று பெயர். ஆறு வருடத்துக்கு முன் அவர் வந்தபோது பெல்ட்டில் மணிக்கு எழுபது உடல்கள் போய்க்கொண்டிருந்தன. இப்போது நூற்றுப் பத்து. கெட்ட மனிதர் என்று யாரும் சொன்னதில்லை. வீட்டு வாசலில் எறும்பு வரிசை போனால் தாண்டித்தான் நடப்பார். மாடி அறையின் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தால் வெள்ளைத் தொப்பிகள் மட்டுமே தெரியும்; தொப்பிகளுக்குக் கை உண்டு என்பது அங்கிருந்து தெரியாது.

மறுநாள் பதினொரு மணிக்கு அவருடைய வலது மணிக்கட்டு மரத்துப்போனது. நண்பகலில் இரண்டு தோள்களும் இறங்க மறுத்தன. குளிர் அறையில் ஆள் மாறும் நேரத்தில் பத்து விரல் நுனிகளும் நீலம் பாரித்தன. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை வந்ததுதான் கொடுமை. தொழிற்சாலையில் நூற்றுப் பன்னிரண்டு பேர். இடைவேளைக்கு முன்னால் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் மேற்பார்வையாளரிடம் சீட்டு வாங்க வேண்டும், சீட்டு ஒரு நாளைக்கு ஐந்துதான். அந்த விதியை எழுதியவர் சீக்கிரம் சார். வியாழக்கிழமை முற்பகலில் மட்டும் அவர் பதினேழு தடவை ஓடினார். பதினாறு தடவை சும்மா திரும்பி வந்தார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. ஸ்கேன் எடுத்த மருத்துவர், சிறுநீர்ப்பை காய்ந்த பானைபோல் காலியாக இருக்கிறது, எதற்கு ஓடுகிறீர்கள் என்று கேட்டார்.

ராஜினாமா செய்யலாமா என்றுகூட நினைத்தார். எழுதப் பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். ஒரு காலையில் கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். பிறகு முழங்கை, தோள் என்று மேலே போனார்.

"இருபது வருஷமா தையல் மெஷின்ல உக்கார்றவ நான். எந்த வேலைக்கு எங்க வலிக்கும்னு எனக்குத் தெரியும். இது உக்காந்து எழுதுற கை இல்லீங்க. நின்னு வெட்டுற கை."

"என் கைதானே இது?"

"கை உங்களுது. வலி யாருதுன்னு போய்க் கேட்டுட்டு வாங்க."

அவர் உடனே கேட்கவில்லை. இத்தனை வருடம் கீழே இறங்கிப் போகாதவர், போய் நின்று 'உங்களில் யாருக்கெல்லாம் வலிக்கவில்லை' என்று எப்படிக் கேட்பது? கீழே இருந்தவர்களுக்கோ விஷயம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. இடதுகை அக்கா பதினெட்டு வருடத்துக்குப் பிறகு தன் தலையைத் தானே பின்னிக்கொண்டு வேலைக்கு வந்தார். ரம்பக்காரர் வீட்டுக்குப் போய் மகளை ஒற்றைக் கையால் தூக்கினார். மகள் பத்தாம் வகுப்பு என்பதால் அவள் கோபித்துக்கொண்டாள். மாலையில் ஆட்கள் கையை உதறாமல் பஸ் ஏறினார்கள். மாடியில் சார் படும் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது பாவமும் இருந்தது, கொஞ்சம் குளிர்ச்சியும் இருந்தது. தோல் உரிக்கும் பகுதியில் ஒருவன், சோதித்துப் பார்க்கலாமே என்று விரலில் ஊசியால் குத்தப் போனான். இடதுகை அக்கா ஊசியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். அவனுடைய அம்மா, தங்கை எல்லோரையும் விசாரித்துவிட்டு, இன்னொரு தரம் செய்தால் இடது கையால் அறைவேன் என்றும், அந்தக் கை இப்போது நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

மூன்றாம் வாரம் அக்கா மாடி ஏறினார். கம்பூட்ஸை வாசலில் விட்டுவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்து நின்றார். சீக்கிரம் சார் வெந்நீர்ப் பையைத் தோளில் வைத்துச் சாய்ந்திருந்தார். அக்காவுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் சாரின் கையைப் பார்த்ததும் தீர்ந்தது: அக்காவின் கையுறை கிழிந்திருந்த அதே இடத்தில் அவர் விரலில் தையல் தழும்பு.

ரம்பத்தைப் பற்றிச் சொல்ல வந்திருந்தார் அக்கா. உடலை இரண்டாகப் பிளக்கும் பெரிய ரம்பத்துக்கு ஒரு தடுப்புத் தகடு உண்டு. வேகம் கூட்டியபோது அது இடைஞ்சல் என்று கழற்றிச் சுவரில் மாட்டியது, மூன்று வருடமாக அங்கேயே தொங்குகிறது. ரம்பக்காரருக்குக் கால் இரண்டு தடவை வழுக்கிவிட்டது. மூன்றாம் தடவை வழுக்கினால் அவர் கை அவரிடம்தான் இருக்கும்.

சீக்கிரம் சார் தன் வலது கையைப் பார்த்தார்.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா. உங்க யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஒருவேளை நான் இதையெல்லாம் சரி பண்ணினா, வலி மறுபடி உங்ககிட்டயே வந்துடலாம்."

அக்கா அதை யோசிக்காமல் வந்தவர் அல்ல. நான்கு நாள் யோசித்திருந்தார். பின்னிய சடையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வந்தா வரட்டும் சார். பழகினதுதான். ஆனா இன்னொருத்தர் கையை வெட்டிட்டு நான் நிம்மதியா தூங்கினதில்ல. உங்க விரல் வெட்டுப்பட்ட அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல."

சீக்கிரம் சார் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினார். பெல்ட்டை நிறுத்தச் சொன்னார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அது வேலை நேரத்தில் நின்றது. அந்த அமைதியில் ஆட்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டு, இவனுக்கு இப்படியொரு கீச்சுக்குரலா என்று ஆச்சரியப்பட்டார்கள். சுவரில் இருந்த தகட்டை இறக்கி, தூசி துடைத்து, மரத்த விரல்களால் நான்கு போல்ட்டையும் அவரே முடுக்கினார். இரண்டு போல்ட் கோணல். ரம்பக்காரர் அவற்றை மட்டும் திருத்திப் போட்டார். அன்று பிற்பகல் மூன்றரைக்குக் கொழுப்புத் தண்ணீரில் ரம்பக்காரருக்குக் கால் வழுக்கியது. கை போய்த் தகட்டில் மோதி நின்றது. மாடியில் சீக்கிரம் சாரின் மணிக்கட்டைச் சுற்றி யாரோ விரலால் ஒரு கோடு இழுத்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார்.

அதற்குப் பிறகு அவர் வலியை வழித்துணையாக வைத்துக்கொண்டு தொழிற்சாலையைச் சுற்றி வந்தார். முட்டி வலித்தால், எந்த மேசை என்று தேடிப் போவார். அங்கே குள்ளமான ஒருத்தி எம்பி எம்பி வெட்டிக்கொண்டிருப்பாள். காலுக்கு அடியில் பலகை போட்டால் முட்டி விட்டுவிடும். முன்கை கடுத்தால் கத்தி மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். சாணை பிடிக்கத் தனியாக ஒரு ஆள் வந்தார். கம்பி வலைக் கையுறைகள் பெண்களின் அளவிலும் வந்தன. மணிக்கு ஒரு முறை மேசை மாறினார்கள், குளிர் அறையின் வாசலில் வெந்நீர்த் தொட்டி வைத்தார்கள். சீட்டுப் புத்தகத்தைக் கிழித்த நாள்தான் அவருடைய சொந்த விடுதலை நாள். பெல்ட்டை ஒவ்வொரு உடலாகக் குறைத்துக்கொண்டே வந்து, எழுபத்தைந்தில் தோள் இரண்டும் இறங்கியபோது நிறுத்தினார்.

எழுபத்தைந்து என்ற எண்ணைக் கேட்டுத் தலைமை அலுவலகம் கொதித்தது. டை கட்டிய அதிகாரி ஒருவர் வந்து, ஒரு வாரம் நானே நடத்திக் காட்டுகிறேன் என்று மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து, கழிப்பறைக்குப் போகவும் யாருக்கும் நேரமில்லாதபடி பெல்ட்டை நூற்றிருபதுக்கு ஏற்றினார். சீக்கிரம் சார் அன்று காலை வீட்டில் இருந்தார். உடம்பு பஞ்சுபோல் லேசாகிவிட்டதை உணர்ந்து, மனைவிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். அதிகாரி பத்தரை மணிக்குக் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். வாரம் முடிய அவர் காத்திருக்கவில்லை. மதியமே எழுபதுக்குக் கையெழுத்துப் போட்டார். இடது கையால் போட்டதால் அது செல்லுமா என்று ஒரு கடிதப் போக்குவரத்து நடந்தது. செல்லும் என்று முடிவானது.

வலி நாற்காலிக்கு உரியது என்பது அப்படித்தான் தெரிந்தது. சீக்கிரம் சார் இன்னும் பதினோரு வருடம் அதில் உட்கார்ந்தார். பெயர் மட்டும் மாறவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள், இத்தனை நிதானமான மனிதருக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்பார்கள். இடதுகை அக்கா ஓய்வு பெற்றபோது அவருடைய கைகளைப் பார்த்த மருத்துவர், ஆசிரியையா என்று கேட்டாராம். மறு வருடம் சீக்கிரம் சாரும் ஓய்வு பெற்றார்.

அடுத்து வந்த மேலாளர் முப்பத்தைந்து வயதுப் பெண். நியமனக் கடிதத்தில் ஊதியம், விடுப்பு, வீட்டு வசதி ஆகியவற்றுக்குக் கீழே வலி பற்றியும் ஒரு பத்தி இருந்தது. படித்துக் கையெழுத்திட்டுத்தான் சேர்ந்திருந்தார். இரண்டாம் நாள் காலை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் படியிறங்கி வந்தார். பல்வலி தொழிற்சாலையின் குற்றம் அல்ல, இருந்தாலும் வந்திருந்தது.

"யாருக்குக் கடவாய்ப் பல்?" என்று கேட்டார்.

பொதி கட்டும் பகுதியில் ஒரு முதியவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, நேற்றுக் காலை வரைக்கும் இருந்தது, அதற்குப் பிறகு இல்லை என்றார். மேலாளர் அவரை வண்டியில் ஏற்றிப் பல் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, கன்னத்தில் கையை வைத்தபடி மாடிக்குப் போய்க் கோப்புகளைப் பார்க்க ஆரம்பித்தார்.