விளக்குப் போடுவதற்கு முந்தைய அரை மணி

...இல்லை, இந்த அரை மணியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், உலகமே திரண்டு வந்தாலும் வாசலில் நின்று கத்திவிட்டுப் போக வேண்டியதுதான்... பெட்டிக்குள் ஒரு குடுவையில் நீலச் சாயத் தண்ணீர் சுழல்கிறது, அதில் என் மனைவி ஒரு சிட்டிகை துத்தநாக ஆக்சைடு போட்டிருக்கிறாள், நானோத் துகளாம், என் தலைமுடி ஒன்றை லட்சம் கூறு போட்டால் கிடைக்கிற அளவு, முடி எங்கே என்று கேட்காதீர்கள். மேலே கறுப்புத் துணி. சாயம் முதலில் இருட்டில் தூளோடு ஒட்டிப் பழக வேண்டுமாம், பிறகுதான் புறஊதா விளக்கு, அது பட்டதும் தூள் வெறிகொண்டு சாயத்தைச் சுக்குநூறாக்கிவிடும், சாயப்பட்டறைக் கழிவெல்லாம் ஒருநாள் இப்படித் தெளிந்துவிடுமாம்... தெளியட்டும், நல்லதுதான், எனக்கு வேண்டியது இந்தப் பழகும் நேரம். விளக்கு எரிந்துவிட்டால் அவள் எடுப்பாள், அளப்பாள், நான் அங்கே ஒரு காலிக் குடுவை. இருட்டில் மட்டும்தான் அவளுக்கு வேலை இல்லை, பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கால்விரல்களை நீட்டுவாள், பேசுவாள். வீட்டுக்கு அவள் தூங்கத்தானே வருகிறாள்? இதற்காகத்தான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் இந்த ஆய்வகத்தின் சம்பளமில்லாத எடுபிடி, குடுவை கழுவிக் கழுவி என் கைரேகையே அழிந்துவிட்டது, ஜோசியர்கள் பட்டினி.

நாளை அவளுக்கு விமானம், ஓராண்டு வெளிநாட்டில் ஆராய்ச்சி, இங்கே இதுதான் கடைசிச் சோதனை... மாத்திரை, சாவி, கேஸ் அடுப்பு என்று அவள் சொல்லிக்கொண்டே போக, கடிகாரம் வெறிநாய் துரத்தியதுபோல ஓடியது. போகாதே என்று சொல்லலாமா? சொன்னால் இருந்துவிடுவாளோ, இருந்துவிட்டால் அப்புறம் என் முகத்தைப் பார்ப்பாளோ? அவள் ஸ்விட்சைப் போட எழுந்தாள். என் கை என்னைக் கேட்காமலே துணியைத் தூக்கிவிட்டது, அறையின் மஞ்சள் பல்பு வெளிச்சம் நீலத்தின்மேல் விழுந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா... நீலம் இருக்கான்னு பாத்தேன்."

"எங்க போயிடும்? உங்கள மாதிரி அதுவும் இங்கயேதான் சுத்திக்கிட்டிருக்கு." ஒரு கணம் குடுவையைப் பார்த்தாள். "வெளிச்சம் பட்டுடுச்சு, கெட்டுப்போச்சு. மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

கொட்டினாள், புதிதாகக் கலந்தாள், மூடினாள், முக்காலியை முன்னைவிடக் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்குள் ஊரையே கொள்ளையடித்த குதூகலம்... அப்புறம்தான் உறைத்தது, துணி சன்னல் வெயிலுக்காகத்தான், இந்த மஞ்சள் பல்புக்கெல்லாம் தூள் கண்கூடத் திறக்காது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறவள் அவள்தானே, சன்னலோ காலையிலிருந்து அடைத்தே கிடக்கிறது... அப்படியானால் எது கெட்டுப்போனது? கேட்டுவிடலாம் என்று திரும்பினேன், அவள் துணியின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள், ஏற்கெனவே சரியாக இருந்த ஓரத்தை...