மேல்மாடியிலிருந்து வந்த பந்து

வெங்காய மண்டியில் பாக்கியராஜ் ஒரு விலை சொன்னால் சொன்னதுதான். அதற்கு மேல் பேச்சில்லை. திண்டுக்கல் சந்தைக்கு வருகிற எரியோட்டு விவசாயி கூட, "அவரு வாக்கு குடுத்துட்டாருல்ல, வேற என்ன வேணும்?" என்று மூட்டையை இறக்கிவிட்டுப் போவான். அப்படிப் பேர் எடுத்த மனிதர் அந்தச் சனிக்கிழமை காலையில் பெற்ற பிள்ளையை மேல்மாடியில் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்.

மூத்தவன் ரொனால்டுக்கு வத்தலக்குண்டு ரோட்டில் நடந்த விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலிதான். இளையவன் இனிகோவுக்குப் போன தை மாதம் ஒரு சம்பந்தம் வந்தது. வந்தவர்கள் ஹாலில் ரொனால்டைப் பார்த்தார்கள், தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள், கை நனைக்காமல் எழுந்து போய்விட்டார்கள். பேச்சு முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் பெண் வீட்டார் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, "கடைசி வரைக்கும் அவரை யாரு பாக்குறதுன்னு கேக்குறாக" என்றார். பாக்கியராஜுக்கு அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. தன் பிள்ளையை இனி ஒருவர் ஏற இறங்கப் பார்க்க விடுவதில்லை என்று முடிவெடுத்தார். இந்த முறை பார்க்க வரும் கன்னிவாடிப் பெண் வீட்டாரிடம், மூத்தவன் வெளியூரில் வேலையாக இருக்கிறான் என்று தரகரைச் சொல்லச் சொன்னார்.

இனிகோவும் பக்கத்து வீட்டு ஜெகபர் அலியும் நாற்காலியோடு தூக்கிப் படியேறும்போது ரொனால்டு சிரித்துக்கொண்டேதான் போனான்.

"ராஜா பல்லக்குல போறாரு, வழி விடுங்க!"

"கத்தாம வாடா, உன் கனத்துக்கு மூச்சு வாங்குது" என்றார் ஜெகபர் அலி.

"அம்மா வச்ச கறிக்கொழம்பு மட்டும் மேல வந்துரணும். மத்தபடி நான் சத்தமே காட்ட மாட்டேன். மாடியிலதான் கம்ப்யூட்டர் இருக்கே, பொழுது போயிரும்."

அவன் அம்மா ஜெயமேரி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. வந்தால் அழுதுவிடுவாள் என்று பாக்கியராஜுக்குத் தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டர் இனிகோவுடையது. ஒரு சின்னப் பெட்டி அளவில், கனமாக, விசிறி இரைந்துகொண்டு, மாடியில் அவன் அறையில் இருந்தது. விபத்துக்குப் பிறகு ரொனால்டு மாடி ஏற முடியாமல் ஹாலை ஒட்டிய அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த நாட்களில், இனிகோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரைத் துளைத்து, மாடியிலிருந்து ஒரு நீல வயரை ஹால் டி.வி.க்குப் பின்னால் இறக்கினான். டி.வி.யோடு உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றைப் பொருத்தினான். கம்ப்யூட்டர் கால்பந்து ஆட்டம் ஓடுவது மாடியில், படமும் சத்தமும் வருவது ஹாலில். ஹாலில் உட்கார்ந்து, ஆட்டம் ஆடும் கைப்பிடியின் பொத்தானை அழுத்தினால், அது வயர் வழியாக மேலே போய்க் கம்ப்யூட்டரை ஆட்டி வைக்கும்.

"கட்டுன வீட்டுல ஓட்டை போடுறியாலே?" என்று பாக்கியராஜ் அன்று சத்தம் போட்டார். மாலையில் கோயிலிலிருந்து திரும்பியபோது, வாசலிலேயே "கோல்!" என்று ரொனால்டின் குரல் கேட்டது. மாதக்கணக்கில் கேட்காத குரல். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி கேட்டார். அந்த ஓட்டையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. வெள்ளையடிக்க வந்த ஆள் அதை அடைக்கவா என்று கேட்டதற்கு மட்டும், "அதுல கைய வைக்காத" என்றார்.

பதினொரு மணி வாக்கில் பெண் வீட்டார் வந்தார்கள். தென்னந்தோப்புக்காரர் பிரான்சிஸ், அவர் மனைவி, கூடவே பெண் பிரிஸ்கில்லாவும். வீடு பார்க்கப் பெண்ணே வருவது பாக்கியராஜுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முகத்தில் காட்டாமல் வரவேற்றார்.

"நான் இருக்கப்போற வீட்ட நான் பாக்க வேணாமானு கேக்குறா. காலேஜ்ல பாடம் எடுக்குறவகிட்ட நான் என்னத்தப் பேசி ஜெயிக்க?" என்று பிரான்சிஸ் சிரித்தார்.

மழையைப் பற்றிப் பேசினார்கள். தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார்கள். பங்குச் சாமியார் மாற்றலாகிப் போவதைப் பற்றியும் பேசி முடித்தார்கள். இனிகோ சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். பிரிஸ்கில்லாவோடு பேச யாருக்கும் எதுவும் இருக்கவில்லை.

"பெரியவரு வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றாள் பிரான்சிஸின் மனைவி.

"லீவு கிடைக்கலம்மா" என்ற பாக்கியராஜ், அந்தப் பேச்சை அங்கேயே வெட்டிவிட, டி.வி. ரிமோட்டை எடுத்து அழுத்தினார். திருப்பலி காட்டும் சேனல்தான் அந்த வீட்டில் விருந்தாளிகள் வந்தால் ஓடும்.

திரையில் வந்தது பச்சை மைதானம். சிவப்புச் சட்டைக்காரர்கள் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். இனிகோவுக்கு உடனே புரிந்துவிட்டது. அண்ணன் பழக்க தோஷத்தில் ஆட்டத்தை எப்போதும் போலவே தொடங்கியிருக்கிறான். மாடியில் ஆடுவதெல்லாம் ஹால் டி.வி.க்கும் வந்துகொண்டிருக்கிறது. மேலே இருப்பவனுக்கு அது தெரியாது. "அப்பா, ரிமோட்டக் குடுங்க" என்று எழுந்தான். பாக்கியராஜ் அவசரத்தில் தப்பான பொத்தானை அழுத்த, கூட்டத்தின் ஆரவாரம் ஹாலே அதிரும்படி எழுந்தது.

"ஐயோ, இந்த ஆட்டமா! நாங்க ஹாஸ்டல்ல இதே பொழப்பாத்தான இருந்தோம்" என்றாள் பிரிஸ்கில்லா. "யாரு அங்கிள் ஆடுறது?"

"யாருமில்லம்மா. அது தானா ஓடும். சும்மா படம்."

அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தானா ஓடுனா இப்படி ஓடாதே. பாருங்க, பந்த வச்சுக்கிட்டு யோசிக்கிறாரு."

டி.வி. மேசையில் ஒரு கைப்பிடி கிடந்தது. ஒளித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. "ஏய், வந்த எடத்துல என்னடி இது?" என்று அம்மா முனகுவதற்குள் பிரிஸ்கில்லா அதை எடுத்துப் பொத்தானை அழுத்திவிட்டாள். அதே அணியில் இரண்டாவது ஆட்டக்காரர் வந்துவிட்டார் என்று திரையில் எழுத்து மின்னியது.

சிவப்புச் சட்டைக்காரன் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பாக்கியராஜ் திரையையே பார்த்தார். மேலே இருப்பவன் ஆட்டத்தை அணைத்துவிட்டால் போதும், மானம் தப்பும். மாதாவே, அணைக்கட்டும்.

அவன் அணைக்கவில்லை. பந்தை அவளிடம் தட்டிவிட்டான்.

அவள் தவறவிட்டாள். அவன் ஓடிப்போய் மீட்டு மறுபடியும் அவளிடமே கொடுத்தான். அவள் தடுமாறினாள். திரும்பவும் கொடுத்தான். தானே அடித்திருக்கலாம், எதிரே வலை திறந்து கிடந்தது. அடிக்காமல், அவள் வந்து சேரும் வரை காத்திருந்து, அவள் காலில் பந்தை வைத்தான். அவள் அடித்தாள். பந்து கம்பத்தில் பட்டு, கோலியின் முதுகில் விழுந்து, உருண்டு உள்ளே போனது.

மாடிப்படி வழியாக ஒரு சிரிப்பு இறங்கி வந்தது. அடக்க முடியாத, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு.

பிரான்சிஸ் மாடிப்படியைப் பார்த்தார். பிறகு பாக்கியராஜைப் பார்த்தார். "மேல யாருங்க?"

பக்கத்து வீட்டுப் பையன் என்று சொல்லலாம். சொல்லியிருந்தால் அந்த நேரம் கடந்திருக்கும். அடுப்படி வாசலில் ஜெயமேரி கரண்டியோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை சொன்ன பொய்யே காலையிலிருந்து அவருக்குக் கனத்துக்கொண்டிருந்தது. எழுந்து நின்றார்.

"என் மூத்த மகன் ரொனால்டு. வெளியூர்ல இல்ல. விபத்துல கால் விளங்காமப் போச்சு. முன்ன வந்தவங்க அவனப் பாத்துட்டு எந்திரிச்சுப் போனாங்க. அந்த அவமானம் அவனுக்கு இன்னொரு வாட்டி வேணாம்னு நான்தான் மறைச்சேன். என் வாக்கு தப்பிருச்சு. நீங்க போறதா இருந்தா நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

பிரான்சிஸின் முகம் இறுகியது. "கால் நடக்கலைங்கிறது ஒரு கொறையாங்க? மறைச்சதுதான் மனசுக்குச் சங்கடமா இருக்கு. மண்டியில ஒங்க பேரக் கேட்டுட்டுத்தான வந்தோம்?"

பாக்கியராஜ் தலை குனிந்தார். அவர் தலை குனிந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பிரான்சிஸின் மனைவி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், கிளம்புகிறவளைப் போல.

"அப்பா, செத்த பொறுங்க" என்றாள் பிரிஸ்கில்லா. கைப்பிடியை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. "நாம வந்ததுலருந்து இந்த வீட்டுல எல்லாரும் மழை, தேங்காய்னு பேசுறீங்க. என்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்த பேசல. மாப்பிள்ளை கூடத் தரையத்தான் பாக்குறாரு. அவரு ஒருத்தருதான், ஆளு யாருன்னு கூடத் தெரியாம, எனக்குப் பந்த விட்டுக் குடுத்தாரு. நான் நாலு தடவ சொதப்புனேன். கோவிக்காம மறுபடியும் குடுத்தாரு. இப்படி ஒரு ஆள் இருக்குற வீட்டுக்கு வர்றதுக்கு நான் எதுக்குப்பா யோசிக்கணும்?"

இனிகோ தலையை நிமிர்த்தினான். "நானும் பேசணும்னுதான் இருந்தேன்..." என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல் நிறுத்தினான்.

"மொதல்ல பேசிப் பழகுங்க, அப்புறம் ஆடலாம்" என்றாள் அவள். அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். பிரான்சிஸ் மகளை ஒரு நிமிடம் பார்த்தார். அவருடைய முகத்தில் இறுக்கம் மெல்ல விட்டது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க தம்பி, நாற்காலிய நீங்க ஒரு பக்கம் பிடிங்க, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன். அவரு இல்லாம எல போட வேணாம்."

ரொனால்டு கீழே வந்தபோது வெட்கத்தில் காது சிவந்திருந்தது. பிரிஸ்கில்லாவைப் பார்த்து, "இனிகோ ஒருநாளும் இப்படிப் பந்தக் கோட்ட விட மாட்டான். அதான் ஆடுறது இவன் இல்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. கம்பத்துல அடிச்சு கோல் போடுற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றான்.

"அது குறி வச்சு அடிச்சது, அத்தான்."

கணவனின் அண்ணனைக் கூப்பிடும் அத்தான் என்ற சொல்லைக் கேட்டு ஜெயமேரி அடுப்படிக்குள் திரும்பிப் போய்விட்டாள். இலை போடும் சத்தம் மட்டும் வந்தது.

எல்லோரும் கை நனைத்தார்கள். பிரான்சிஸ் இரண்டாம் முறை சோறு வாங்கினார். பாக்கியராஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிரே பிள்ளைகள் மூவரும் ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்தபடி, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். சுவரைத் துளைத்தவனுக்கா, பந்தைக் கொடுத்தவனுக்கா, கைப்பிடியை எடுத்தவளுக்கா? மனத்துக்குள் மூன்று பேருக்கும் சொன்னார். பொய்யோடு முடிய இருந்த நாளைத் தடுத்து நிறுத்திய ஆண்டவருக்கும் சொன்னார்.

நிச்சயத்துக்கு நாள் குறிக்கும்போது பிரான்சிஸ், "தட்டு மாத்துறதுக்கு எங்க பக்கம் நான், ஒங்க பக்கம் நீங்க. சரிதான?" என்றார்.

"இல்ல" என்றார் பாக்கியராஜ். ஜெயமேரி திடுக்கிட்டுத் திரும்பினாள். சபையில் தன் இடத்தை உடன்பிறந்தவனுக்குக் கூட விட்டுக்கொடுக்காதவர் அவர். "எங்க வீட்டுக்குத் தட்ட வாங்குறவன் ரொனால்டு. அவன்தான் மூத்தவன். நான் பக்கத்துல நிக்கிறேன்."

"அப்பா, அவ்வளவு பேர் முன்னாடி என்னால எந்திரிக்க முடியாதுப்பா" என்றான் ரொனால்டு மெல்ல.

"நீ எதுக்கு எந்திரிக்கணும், அப்பு? நாங்க குனியிறோம்."