ஹாரன் சாப்பிட வந்த நாள்

அண்ணனை டிப்போவில் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். வண்டியில் ஹாரன் வேலை செய்யாத நாளில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு சத்தம் போடுவார். முன்னால் போகிற லாரி ஒதுங்கி வழிவிடும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு கொடுத்ததில் கட்டி போனது, கூடவே குரலும் போனது. இப்போது பேசினால் காகிதத்தைக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம்தான் வரும். சாப்பாடு இறங்குகிற வழியும் சுருங்கிவிட்டது. அரைத்து வடிகட்டியதை அரை ஸ்பூன் அரை ஸ்பூனாகக் கொடுத்து, ஒவ்வொரு வாய்க்கும் தலையைக் குனியவைத்து விழுங்கச் சொல்லி, ஒரு கிண்ணம் முடிக்க அண்ணிக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதிலும் பாதி நாள் புரையேறி எல்லாம் வெளியே வந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் சொல்லிவிட்டார். "இனிமே இப்படி ஓட்ட முடியாது. சாப்பாடு நுரையீரலுக்குள்ள போகுது. செவ்வாய்க்கிழமை வயித்துல குழாய் வெச்சிடலாம். அதுக்கப்புறம் வாய் வழியா ஒண்ணும் கூடாது. தண்ணிகூட."

அண்ணன் சமர்த்தாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், மருந்துக் கடை வரிசையில் நின்ற தங்கையின் கையைப் பிடித்து இழுத்தார்.

"பாப்பா, உங்க பார்க்ல சாப்பாட்டுத் திருவிழா நடக்குதுல்ல?"

"நடக்குது. அதுக்கென்ன இப்போ?"

"ஞாயித்துக்கிழமை வர்றேன்."

பாப்பாவுக்கு நாற்பத்தொரு வயது. ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய கேளிக்கைப் பூங்காவில், நுழைவாசலை ஒட்டிய தகவல் கவுண்டரில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். வருடத்துக்கு ஒரு முறை அங்கே பத்து நாள் உணவுத் திருவிழா நடக்கும். நாற்பது கடைகள். ராட்டினத்தை விட்டுவிட்டு ஜனம் தட்டும் கையுமாக அலையும். ஒவ்வொரு வருடமும் அண்ணனைக் கூப்பிடுவாள். ஒவ்வொரு வருடமும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இருக்கும்.

அண்ணிக்குக் கோபம் வந்தது. "சாப்பிட முடியாத மனுஷனைச் சாப்பாட்டுக் கடைக்கா கூட்டிட்டுப் போவாங்க? வேற ஊர் சுத்த இடமே இல்லையா?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் நான் சாப்பிடுற ஆளுதாண்டி" என்றார் அண்ணன்.



சனிக்கிழமை வேலை முடிந்ததும் தங்கை நாற்பது கடைகளையும் ஒரு சுற்று சுற்றினாள். வறுத்தது, பொரித்தது, சுட்டது எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சியது ஒன்பது கடை. அதிலும் உறைப்பு, புளிப்பு, துகள் எதுவும் ஆகாது. கடைசியில் பூங்காவின் மறுகோடியில், செயற்கை ஏரிக்குப் பக்கத்தில் இருந்த சூப் வரிசையில் போய் நின்றாள். அங்கே தோளில் துண்டு போட்ட ஒரு பருத்த சமையல்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு முழுதும் கேட்டார்.

"பூசணி இருக்கு, சோளம் இருக்கு, காளான் இருக்கு. மூணையும் தனித்தனியா மிக்ஸில அடிச்சு, ரெண்டு தடவை வடிகட்டித் தர்றேன். உப்பைக் குறைச்சுப் போடுறேன். பதினோரு மணிக்கு வரச் சொல்லுங்க, அப்பத்தான் கூட்டம் இருக்காது."

மறந்துவிடக் கூடாது என்று பேனா வாங்கி உள்ளங்கையில் 11 என்று எழுதிக்கொண்டார்.  வீட்டுக்குப் போய் ஒரு முழுத்தாளில் வரிசையாக எழுதினாள். எந்த வாசல், எந்தப் பாதை, எங்கே நிழல், எங்கே உட்கார பெஞ்சு, எந்தக் கடையில் யாரைக் கேட்க வேண்டும், பூசணிக்கு அப்புறம் எவ்வளவு நேரம் விட்டுச் சோளம் என்று எல்லாம். ஞாயிற்றுக்கிழமைக்கு லீவும் வாங்கியிருந்தாள். கூடவே இருந்து ஊட்டிவிடுவதாக எண்ணம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேற்பார்வை மேடம் போன் செய்தார். கவுண்டரில் நிற்க வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல்.

"மேடம், எங்க அண்ணன் வர்றாரு. இன்னிக்கு ஒரு நாள்..."

"நானும் மனுஷிதாம்மா. ஆனா திருவிழா ஞாயித்துக்கிழமை கவுண்டரைக் காலியா விட்டா என் தலைதான் உருளும். ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு இந்த ரெண்டு மாசத்துல நீ பாதியில கிளம்பினது எத்தனை தடவைன்னு மேல இருந்து கேட்டுட்டாங்க. கிளம்பி வா."

பத்தரை மணிக்கு அண்ணன் வந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டை மாட்டியிருந்தார். கழுத்துக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையலாம் போல இருந்தது. வாசலில் கொடுக்கிற சக்கர நாற்காலியில் அவரை உட்காரவைத்து அண்ணி தள்ளிக்கொண்டு வந்தார். கவுண்டர் முன்னால் அதற்குள் முப்பது பேர் நின்றார்கள்.

"முன்வாசல் கடையில நின்னுடாதீங்க அண்ணி, எல்லாரும் அங்கதான் மொய்ப்பாங்க. நேரா கடைசிக்குப் போயிடுங்க. ஏரிப் பக்கம். சூப் போடுறவர் காத்துட்டிருப்பார்" என்று சொல்லித் தாளைக் கொடுத்தாள். மூன்று நிமிடம்கூட அவர்களோடு நிற்க முடியவில்லை. அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டிக்கொண்டு போனார்.

பதினொன்றேகாலுக்கு அண்ணியிடமிருந்து போன்.

"இங்க கரன்ட் இல்லையாம். ஏதோ வயர் கருகிப் புகை வந்து, எல்லாரையும் வெளிய போகச் சொல்லிக் கயிறு கட்டிட்டாங்க. உன் சூப்காரர் வெளிய நின்னு அவங்களோட சண்டை போட்டுட்டிருக்காரு."

தங்கை மின்சாரப் பிரிவுக்குப் போன் அடித்தாள். இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். வேறு இணைப்பு கொடுக்க முடியாதா என்று கேட்டாள். "மத்த லைன் எல்லாம் ஃபுல் லோடும்மா, விளையாட்டா?" என்று வைத்துவிட்டார்கள். எதிரே ஒருவர் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நாங்க முதல் தடவை வர்றோம். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

"ஆளுக்கொரு தட்டு வாங்காதீங்க சார். ஒரு தட்டு வாங்கி எல்லாரும் பங்கு போட்டுக்கங்க. அப்பத்தான் நிறைய ருசி பார்க்கலாம்" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

அண்ணிக்கு மறுபடி போன் போட்டாள். ஏழாவது கடையில் கஸ்டர்ட் இருக்கிறது, மேலே போடுகிற பழத்தை எடுத்துவிட்டு நுனி ஸ்பூனில் கொடுத்துப் பாருங்கள் என்றாள். அண்ணி போனை அணைக்காமல் பையில் போட்டுக்கொண்டார் போல. கடைக்காரர் குரல், நாற்காலி சக்கரச் சத்தம், அண்ணி "குனிங்க, குனிஞ்சு முழுங்குங்க" என்று சொல்வது எல்லாம் கேட்டது. அதற்குப் பிறகு இருமல். தொடர்ந்து இருமல். இருமலுக்கு நடுவே மூச்சை இழுக்கிற அந்தச் சத்தம். யாரோ "தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க" என்று கத்தினார்கள். "ஐயோ, தண்ணி குடுக்காதீங்க!" என்று அண்ணி அலறினார்.

"ஐஸ்கிரீம் எந்தப் பக்கம்மா?" என்று கவுண்டரில் ஒரு பெண்மணி கேட்டார்.

தங்கை போனைக் காதில் வைத்தபடி கையை நீட்டி இடது பக்கம் காட்டினாள்.

முதலுதவிக்காரர்கள் வந்து முதுகைத் தட்டி, சளியையும் கஸ்டர்டையும் உறிஞ்சி எடுத்தார்கள். மூச்சு சீராகிவிட்டது. ஆனால் இனி எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இதை அண்ணி போனில் சொன்னார்.

"உன் பேப்பரை நம்பித்தானே வந்தோம். என்ன பெரிய பேப்பர்! மனுஷன் கண்ணு சொருகிப்போச்சு தெரியுமா? நீ அங்க நின்னு ஊருக்கெல்லாம் வழி சொல்லிட்டிரு."

அவள் மேடத்திடம் ஓடினாள். "பத்து நிமிஷம் மேடம். பார்த்துட்டு வந்துடுறேன்."

"பத்து நிமிஷம்னா பத்தே நிமிஷம்."

அண்ணனைப் படுக்கவைத்திருந்த முதலுதவிக் கூடாரம் ஏரிப் பக்கம் இருந்தது, நடந்தால் கால் மணி நேரம். அன்றைய கூட்டத்தில் ஓடவும் முடியாது. தட்டுகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டே புகுந்து போனாள். யாருடைய சாஸோ சேலையில் கொட்டியது. பெரிய ராட்டினத்துக்கு அடியில் வந்தபோது ஆறு நிமிடம் ஆகியிருந்தது. முதலுதவிக் கூடாரத்தின் வெள்ளைக் கூரை தூரத்தில் தெரிந்தது. அப்போது போன் அடித்தது. மேடம்.

"எங்க இருக்கே? இங்க ஒரு அம்மா குழந்தையைக் காணோம்னு கவுண்டர்ல விழுந்து அழறாங்க. மைக் ரூம் சாவி உன்கிட்ட இருக்கு. உடனே வா."

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. வெள்ளைக் கூரையைப் பார்த்தாள். இன்னும் நாலு நிமிட தூரம். திரும்பினாள்.

போய்ச் சேர்ந்தபோது குழந்தை கிடைத்திருந்தது. பக்கத்து பலூன் கடையில் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்ததாம். அந்த அம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். மேடம் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

இரண்டு மணி இருக்கும். வரிசையில் அடுத்தவர் யார் என்று நிமிர்ந்தவள், நாலாவது ஆளாகச் சக்கர நாற்காலியைப் பார்த்தாள். அண்ணி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தள்ளினார். அண்ணன் வரிசையைத் தாண்டி வரவில்லை. முறைப்படி நின்று, ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து, தன் முறை வந்ததும் கவுண்டர் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க அவளும் குனிய வேண்டியிருந்தது.

"முதல் தடவை வந்திருக்கேம்மா" என்றார். "எதை மொதல்ல சாப்பிடணும்?"

சிரிக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். வாய் கோணிக்கொண்டது. கண்ணீர் கவுண்டரில் இருந்த வரைபடத்தில் விழுந்தது. பின்னால் நின்ற ஆள், "சீக்கிரம் சொல்லி அனுப்புங்கம்மா, வெயில்ல நிக்கிறோம்" என்றார்.

"அட, அழாதே. டியூட்டி நேரத்துல அழக் கூடாது" என்றார் அண்ணன். "நான் நல்லாத்தான் பார்த்தேன். ஒருத்தன் நூடுல்ஸ் சாப்பிட்டான் பாரு, பாதி மீசையில, பாதி சட்டையில. பொண்டாட்டி துடைச்சுவிடுறா, அவன் நிறுத்தவே இல்லை. அந்தக் கடையில நல்லா இருக்கும்போல."

அண்ணி நாற்காலியைக் கவுண்டருக்குப் பக்கத்து நிழலில் நிறுத்தினார். வீட்டுக்குப் போகலாம் என்றதற்கு அண்ணன் கையை ஆட்டி மறுத்துவிட்டார். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில், தங்கையிடம் கேட்டுவிட்டு வழி புரியாமல் நிற்கிறவர்களை அவரே சைகை காட்டிக் கூப்பிட ஆரம்பித்தார்.

"ஏரிப் பக்கம் கரன்ட் வந்துடுச்சு. பூசணி சூப் குடிங்க" என்று அந்தக் கசங்கிய குரலில் ஒரு தம்பதிக்குச் சொன்னார். "சுடச்சுட ஊத்துவாரு, அவசரப்படாதீங்க. நாக்குல கொஞ்சம் வெச்சிருந்து முழுங்குங்க."

"நீங்க குடிச்சீங்களா சார்? நல்லா இருந்துச்சா?"

"பிரமாதம்" என்றார் அண்ணன்.

அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். தங்கை அடுத்த ஆளுக்கு வரைபடத்தை மடித்துக் கொடுத்தாள். அதைத் தவிர அவளால் வேறு என்ன செய்ய முடியும்? நாலு மணிக்குச் சூப் சமையல்காரர் தூக்குப் பாத்திரத்தோடு அத்தனை தூரம் நடந்து வந்தார். மூன்று சூப்பும் கொண்டுவந்திருந்தார். இனி எதுவும் கொடுக்கக் கூடாது என்று முதலுதவிக்காரர்கள் சொன்னதை அவள் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பாத்திரத்தைக் கீழேயும் வைக்காமல் எடுத்துக்கொண்டும் போகாமல் நின்றார். அண்ணன் அதை வாங்கி மூடியைத் திறந்து முகத்துக்கு அருகே வைத்து ஆவியை முகர்ந்தார். வெகுநேரம் முகர்ந்தார். பிறகு மூடியைப் போட்டு, "என் பொண்டாட்டி காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை" என்று அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி அதைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை குழாய் வைத்தார்கள். அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது என்று டாக்டர் சொன்னார். ஒரு வாரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். தங்கை தன் வார விடுமுறையில் போனபோது, அண்ணி பெரிய ஊசியில் கஞ்சி மாதிரி ஒரு திரவத்தை ஏற்றிக் குழாயில் மெல்ல விட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு மணி நேரப் பாடு ஐந்து நிமிடமாகிவிட்டதில் மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று அண்ணிக்குத் தெரியவில்லை. கழுவிய ஊசியையே திரும்பவும் கழுவினார்.

சமையலறையில் அண்ணி சொன்னார். "அன்னிக்கு உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"விடுங்க அண்ணி."

"நான் இப்போ இங்கயேதான் நின்னுக்கிட்டு சாப்பிடுறேன். கதவைச் சாத்திக்கிட்டு. வாசனை அவருகிட்ட போயிடக் கூடாதுன்னு தாளிக்கிறதுகூட இல்லை."

இரண்டு பேரும் தட்டை எடுத்துக்கொண்டு நின்றபடியே சோற்றைப் பிசைந்தார்கள். வெளியே கட்டிலைத் தட்டுகிற சத்தம் கேட்டது. குரல் எட்டாது என்பதால் கூப்பிட அண்ணன் அப்படித்தான் தட்டுவார். தங்கை எச்சில் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் இங்க வந்து உட்கார்ந்து சாப்பிடுங்க" என்றார்.

"வேணாம்ணா. நாங்க முடிச்சுட்டு வர்றோம்."

"வாங்கன்னா வாங்க."

அவர்கள் தட்டோடு போய்க் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். அண்ணன் தலையணையைச் சரித்து வசதியாகச் சாய்ந்துகொண்டு அவர்களையே பார்த்தார். அண்ணி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தங்கை ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டாள். மென்றாள். அது இறங்கவில்லை.

"மெதுவா சாப்பிடு" என்றார் அண்ணன்.