வேலிமேல் என் தலை

எங்கள் பள்ளிக்கூட வாசல் மரத்தில் இருக்கிற மேக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவைக்கு செப்டம்பர் வந்தாலே தலைகால் புரியாது. கூட்டில் குஞ்சு இருக்கிறவரை, போகிற வருகிற மண்டையை எல்லாம் பின்னாலிருந்து பாய்ந்து கொத்தும். பிள்ளைகள் ஐஸ்கிரீம் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவார்கள். ஆனால் அதன் நிஜமான பகை என்னோடுதான். போன வருஷம் கீழே விழுந்த குஞ்சைப் பாவம் பார்த்து எடுத்துக் கிளையில் வைத்தேன். என்னைத் திருடி என்று முடிவு கட்டிவிட்டது. ஒரு முகத்தைப் பார்த்தால் மறக்காத ஜென்மம். நான் வேலை பார்க்கிற பள்ளி அலுவலகத்துக்குள் டீ குடித்தால்கூட ஜன்னலில் உட்கார்ந்து முறைக்கும்.

இந்த வருஷம் காதில் ரத்தமே வந்துவிட்டது. போதும்டாப்பா என்று கவுன்சிலுக்குப் போன் போட்டு, வந்து பிடித்துக்கொண்டு போங்கள் என்றேன். மாசக் கடைசியில் ஆள் வரும் என்றார்கள். அப்போ குஞ்சுக்கு யார் தீனி குடுப்பாங்க என்று மூன்றாம் வகுப்பு இண்டி வந்து கேட்டாள். தினமும் அந்தப் பறவைக்கு விசிலடித்துக் காலை வணக்கம் சொல்கிறவள். உனக்கு எதுக்கு அதெல்லாம் என்று எரிந்து விழுந்தேன்.

அந்தச் சமயம் மெல்போர்னிலிருந்து வேரா என்கிற களிமண் சிற்பக்காரி வாரா வாரம் வந்துகொண்டிருந்தாள். வேலியில் வைக்க ஆளுக்கொரு தலை செய்ய வேண்டும். காகிதப் பந்தைச் சுற்றிக் களிமண்ணை அப்பணும், ஆவி வெளியேற மூக்கில் துளை போடணும், நன்றாகக் காயவிட்டுச் சூளையில் வைக்கணும். துளையை மறந்தால் அது வெடித்து, பக்கத்துப் பிள்ளையின் தலையையும் கூட்டிக்கொண்டு போய்விடும். வகுப்பறை முழுக்கச் சேறு. யார் கூட்டுவது என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

இண்டிக்கு மட்டும் தினமும் வயிற்றுவலி. உடம்பு சரியில்லாத பிள்ளைகளை அனுப்புகிற என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து என்னையே வெறித்துப் பார்ப்பாள். பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன்.

கவுன்சில் ஆள் வருகிற அன்று காலையில்தான் வேரா தலைகளைக் கொண்டுவந்து வேலிக் கம்பிகளில் பொருத்தினாள். எல்லாப் பிள்ளைகளும் தங்கள் முகத்தையே செய்திருந்தார்கள். மரத்துக்கு நேர் எதிரே ஒன்று மட்டும் சிவப்புக் கண்ணாடி, சுருங்கிய நெற்றி, கடுகடு வாய்.

"இது யாரு?" என்றேன்.

"நீங்கதான் மிஸ்," என்று இண்டி முன்னால் வந்தாள்.

"என் மூக்கு இவ்ளோ பெரிசா?"

"குறைச்சுதான் வெச்சேன்," என்றாள் இண்டி. வேரா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம். எதுக்காக என் மூஞ்சி என்று கேட்டேன்.

"அது உங்களைத்தானே தேடுது. இனிமே இதைக் கொத்தட்டும். நீங்க பாட்டுக்கு உள்ள போங்க. அதை மட்டும் புடிச்சுக் குடுத்துடாதீங்க மிஸ்."

சுருக்கென்றது எனக்கு. வயிற்றுவலி என்று வந்து உட்கார்ந்தது என் முகத்தைப் பார்த்துச் செய்யத்தானா! நானும் தலையில் கவிழ்த்திருந்த டப்பாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நடந்தேன். பின்னால் இறக்கைச் சத்தம் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். டக் என்று ஒரு சத்தம். திரும்பினால், மேக்பை என் களிமண் மண்டைமேல் உட்கார்ந்து காதைக் கொத்திக்கொண்டிருந்தது. என்னையறியாமல் என் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வலையும் கூண்டுமாகக் கவுன்சில் ஆள் வந்து இறங்கினார். இண்டி வேலியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

"புகார் வந்திருக்கு. யாரைங்க கொத்துது?" என்றார்.

வேலிமேல் மறுபடி டக் டக்கென்று கேட்டது.

"அதோ, அந்தம்மாவை மட்டும்தான்," என்றேன் களிமண் தலையைக் காட்டி. "அவங்க புகார் ஒண்ணும் குடுக்கலையே."