அரபி எழுத்துள்ள டப்பா

ஆறு நாள் துபாய் ஜெபல் அலி கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு ஏழாம் நாளாவது தூங்கலாம் என்றால், எங்கள் கேம்ப்பில் தியாகு விடமாட்டான். சர்க்கரை வியாதிக்குப் பொடி விற்பவன்.

"மூணு டப்பா சாப்பிட்டா அப்புறம் மாத்திரையே வேணாம்ணே. பாருங்க, பூரா அரபி. இந்த ஊர்ல டூப்ளிகேட் விட்டா உள்ள தூக்கிப் போட்டுருவான்ல?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. விசா, கான்ட்ராக்ட், லேபர் கார்டு என்று எங்கள் தலையெழுத்து முழுக்க அரபியில்தான் வருகிறது. ஒரு வரி படிக்கத் தெரியாமல் பதினோரு வருஷம் கையெழுத்துப் போட்டவன் நான். அந்த எழுத்தைக் கண்டாலே ஒரு பயம், பயத்தோடு ஒரு நம்பிக்கை. ஊரில் என் மனைவி கனகாவுக்குச் சர்க்கரை. லீவில் போனவரிடம் மூன்று டப்பா கொடுத்தனுப்பினேன்.

இந்த வெள்ளிக்கிழமை நாலாவது டப்பாவோடு நகரத்துக்குள் கராமா கடைத்தெருவுக்குப் போனேன். ஊர்க்காரர் கௌஸ் முகம்மது மறுநாள் லீவில் கிளம்புகிறார். டைப்பிங் கடையில் அரபி மனு அடிக்கிறவர், எதைக் கொடுத்தாலும் படித்துப் பார்த்துத்தான் பெட்டியில் வைப்பார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பேரீச்சங்கொட்டைப் பொடிண்ணே. காபிக்குப் பதிலா குடிக்கிறது. 'மருந்து அல்ல'ன்னு கீழேயே போட்டிருக்கான்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அலுப்பு. பக்கத்து டெலிபோன் கடைக்கு நடந்து ஊருக்குப் போட்டேன்.

"மாத்திரை போடுறியா?"

"நீங்கதான வேணாம்னீங்க? நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. செருப்புக் கடிச்ச புண்ணுதான் ஆற மாட்டேங்குது. கருத்துக்கிட்டு வருது. வலியே இல்லைங்க."

சர்க்கரைப் புண்ணில் வலி இல்லாததுதான் ஆபத்து. கேம்ப்பில் ஒருவருக்கு இப்படித்தான் ஆரம்பித்து, காலை எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

"கனகா, அந்தப் பொடி மருந்தே இல்ல. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போ."

"அரபியில எழுதியிருக்கு, பொய்யா இருக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"எழுதினவன் பொய் சொல்லல. படிக்காம அனுப்புனவன் நான்தான். கிளம்பு தாயி."