மூன்றாவது கேள்வி

மகள் லோஷினியை டாக்டராக்கிப் பார்க்க வேண்டும் என்று சத்தியபாமா திட்டம் போட்டு மூன்று வருடமாகிறது. அதற்கென்றே ஒரு நீலக் கோப்பு வைத்திருந்தாள். பரீட்சை முடிவுகள், செம்பிறைச் சங்கச் சான்றிதழ், பள்ளி முதல்வரின் கடிதம் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். பல்கலைக்கழக நேர்காணலில் என்னென்ன கேட்பார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்து, இருபது கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பதிலுக்கு இடம் விட்டிருந்தாள்.

லோஷினி பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான படிவம் ஆறில் இருந்தாள். கோப்பில் குறைந்தது ஒன்றே ஒன்றுதான்: டயாலிசிஸ் நிலையத்தில் நூறு மணி நேரம் தொண்டூழியம் செய்ததற்கான கடிதம். தொண்ணூற்றிரண்டு மணி ஆகிவிட்டது. இன்னும் இரண்டு சனிக்கிழமை போனால் போதும்.

அந்த வருடம் வீட்டுக்குப் பின்னால் நின்ற பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழ மரம் கொள்ளாமல் காய்த்திருந்தது. சனிக்கிழமை காலை சத்தியபாமா நன்கு பழுத்ததாகப் பார்த்து, நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டி, உப்புத் தூவி, டப்பாவில் அடைத்தாள்.

"மிஸிகிட்ட கொடு. கடிதம் எழுதப்போறவங்க."

நர்ஸ் பிரேமளாவைத்தான் எல்லாரும் மிஸி என்பார்கள். அன்று அவர் விடுப்பு. டப்பா அர்ச்சுனனிடம் போய்ச் சேர்ந்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். டயாலிசிஸுக்கு வரத் தொடங்கி மூன்று மாதம்தான். யோங் பெங் ஊரில் கடைவீட்டு மாடியில் ஓர் அறையில் தனியாக இருந்தார். ஒரே மகள் பிரவீனா சிங்கப்பூரில்.

"டப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தாரும்மா. பாவமா இருந்துச்சு. அறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுங்க அங்கிள்னு கொடுத்துட்டேன்," என்றாள் லோஷினி.

தொண்டூழியர்கள் நோயாளிகளுக்கு எந்த உணவும் தரக்கூடாது என்ற தாளில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். பழம்தானே என்று இருவருமே நினைத்தார்கள். சத்தியபாமாவுக்கு மனம் குளிர்ந்தது. அன்று மாலையே நோட்டைத் திறந்து மூன்றாவது கேள்வியின் கீழ் பதிலை எழுதி வைத்தாள்.

மறுநாள் மாரியம்மன் கோயிலில் அன்னதான வரிசையில் அர்ச்சுனன் நின்றார். கழுவித் துடைத்த டப்பாவை லோஷினியிடம் நீட்டினார். பேச முடியாமல் விக்கினார்.

"என்னண்ணே, விக்கல் விடமாட்டேங்குது?" என்று கேட்டாள் சத்தியபாமா.

"நேத்து சாயங்காலத்திலேருந்து லா. தண்ணியும் அளவாத்தான் குடிக்கணும். என்ன செய்ய?"

"யாரோ உங்கள நினைக்கிறாங்க."

"என்னைய யாரு தங்கச்சி நினைக்கப் போறா? லாரி கம்பெனியே மறந்துபோச்சு."

"பிரவீனாதான். சிங்கப்பூர்லேருந்து நினைக்குது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா சொல்றீங்க?" என்று விக்கலுக்கு நடுவே சிரித்தார். "அப்ப நிக்கவே வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் லோஷினி சாப்பிடவில்லை. போனில் எதையோ படித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மா, கிட்னி போனவங்களுக்கு பெலிம்பிங் விஷமாம். விக்கல்லதான் ஆரம்பிக்குமாம். அப்புறம் புத்தி தடுமாறி, வலிப்பு வருமாம்."

"எத்தன துண்டு சாப்பிட்டிருப்பாரு?"

"டப்பாவே காலிம்மா. நான் மிஸிக்கு போன் போடுறேன்."

சத்தியபாமா அந்தப் போனின் மேல் கையை வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று.

"கொஞ்சம் பொறு. சாப்பாடு கொடுக்கமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்க. இது தெரிஞ்சா கடிதம் தருவாங்களா? மூணு வருசம் லோஷினி. செவ்வாக்கிழமை மெஷின்ல போட்டா எல்லாம் வெளிய போயிடும்."

"அவரு தனியா இருக்காரும்மா."

"சொன்னாக் கேளு."

லோஷினி அம்மா சொல்லைத் தட்டாத பெண். அதில் சத்தியபாமாவுக்கு எப்போதும் பெருமை உண்டு.

சத்தியபாமா சாமி அறைக்குப் போய் விளக்கேற்றினாள். அந்த மனிதருக்கு விக்கல் நின்றுவிட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். வேண்டுதலில் பொய் இல்லை. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் போன் இருக்க, அவள் சாமியைத்தான் கூப்பிட்டாள்.

மாலை ஆறு மணிக்கு மிஸியே அழைத்தார். அர்ச்சுனன் மாடிப்படியில் விழுந்து கிடந்தாராம். வலிப்பு. கீழ்க்கடைக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "என்ன சாப்பிட்டாருன்னு டாக்டர் கேக்குறாரு. உனக்கு ஏதாச்சும் தெரியுமா லோஷினி?"

லோஷினி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சத்தியபாமா போனை வாங்கினாள்.

"மிஸி, நான் சத்தியா. பெலிம்பிங் சாப்பிட்டாரு. ஒரு டப்பா. நான்தான் வெட்டி அனுப்பினேன்."

"இது அவருக்கு ஆகாதுன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"மத்தியானம் ஒரு மணிக்கு."

"சரி, டாக்டர்கிட்ட உடனே சொல்றேன்," என்று மிஸி போனை வைத்துவிட்டார்.

மறுபடி மறுபடி இரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். புதன்கிழமை காலை அர்ச்சுனன் இறந்துபோனார். அந்த ஐந்து மணி நேரம் அவரைக் காப்பாற்றியிருக்குமா என்று சத்தியபாமா கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

இறுதிச் சடங்கில் அவள் பிரவீனாவைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பழத்தை, போனின் மேல் வைத்த கையை, கோயிலில் விக்கலைப் பற்றிச் சொன்னதை. பிரவீனா திட்டவில்லை.

"நான் நினைக்கிறேன்னா சொன்னீங்க?"

"ஆமாம்மா. ரொம்ப சந்தோஷப்பட்டாரு."

"நான் நினைக்கல ஆன்ட்டி. அன்னைக்கு ஓவர்டைம். அப்பா ஞாபகமே வரல."

லோஷினி ஒரு நாற்காலியை இழுத்து வந்து பிரவீனாவை உட்காரவைத்தாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, அவள் குடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். சவ வண்டி கிளம்பும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை.

கடிதத்தை நிர்வாகம் நிறுத்தி வைத்தது. சனிக்கிழமை வந்ததும் லோஷினி வழக்கம்போல் கிளம்பினாள். இனி மணிக்கணக்கு எழுத முடியாது என்றார் மிஸி. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு கட்டிலாகப் போய், போனில் பெலிம்பிங் படத்தைக் காட்டி, இதைத் தொடவே கூடாது என்று சொல்லிக்கொண்டு வந்தாளாம்.

அன்று மாலை அவள் நோட்டைத் திறந்தாள். மூன்றாவது கேள்வி: நோயாளி ஒருவருக்கு நீங்கள் செய்த உதவி என்ன? கீழே அம்மாவின் எழுத்து: 'தனியாக வாழும் ஒருவருக்கு வீட்டிலிருந்து பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.'

"இதுக்கு என்னம்மா சொல்றது?"

சத்தியபாமா பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

"நடந்ததச் சொல்லு. நான் போனைப் பிடிச்சதையும் சொல்லு."

"சொன்னா எடுக்கமாட்டாங்கம்மா."

"எடுக்காமப் போகட்டும்," என்றாள். பேனாவை மகளிடம் கொடுத்தாள். "நீயே எழுது."